நுரை வந்த கதை

ஷாம்பு என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது நுரைதான். நுரை பொங்கினால் நல்ல ஷாம்பு, பொங்காவிட்டால் மட்டமான சரக்கு. வாங்குபவர், விற்பவர், விளம்பரம் எடுப்பவர் என்று எல்லோரும் நம்புகிற (அல்லது நம்ப வைக்கிற) கணக்கு இது. ஆனால் ஷாம்புவின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் வேறு ஒரு விஷயம் தெரிய வருகிறது. அழுக்கை எடுப்பது ஒரு வேலை, நுரை பொங்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொண்டதற்கு விலை கொடுத்தது தலைமுடி. அதிலும் சுருட்டை முடியும் வறண்ட முடியும் சற்று அதிகமாகவே கொடுத்தன.

முதலில் பெயரைப் பார்ப்போம். அதில் நுரையே கிடையாது. இந்துஸ்தானியில் 'சாம்போ' என்றால் 'அமுக்கு, பிடித்து விடு' என்று அர்த்தம். 18ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் மசாஜுக்குத்தான் இந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். 1759ல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். மன்னர்கள் நான்காம் ஜார்ஜுக்கும் நான்காம் வில்லியமுக்கும் 'ஷாம்பு சர்ஜன்' என்ற பட்டத்தோடு சேவை செய்தார். அவர் பிடித்து விட்டது உடம்பை! 19ம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் அந்தச் சொல் உடம்பிலிருந்து மெல்லத் தலைக்கு ஏறியது.

தலைக்கு ஏறிய காலத்தில் ஐரோப்பியர்களின் கையில் இருந்தது சோப்பு. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் கிடைக்கும் அதே பழைய சோப்பு. அதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, தண்ணீர். கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு வெள்ளைப் படிவை உண்டாக்கும். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாளியின் ஓரத்தில் படிகிற அந்தப் பிசுக்கு, முடியிலும் படியும். இரண்டாவது தொல்லை காரம். சோப்புத் தண்ணீரின் கார அளவு பி.எச். 9, 10 வரை போகும். முடியின் மேல்புறத்தில் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கின்றன. காரம் பட்டால் முடி ஊதி, செதில்கள் தூக்கிக் கொள்ளும். ஒரு முடியின் செதில் இன்னொன்றில் மாட்டும். அதுதான் சிக்கு. தலை குளித்த பிறகு வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்த தண்ணீரால் அலசும் வழக்கம் அங்கே இருந்ததற்குக் காரணம் இதுவே.

இங்கே சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அரப்பும் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. இவற்றில் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற பொருள். கடினநீரில் அது சோப்பு மாதிரி திரிவதில்லை. சீயக்காய்க் கரைசல் லேசான அமிலத் தன்மை கொண்டது, அதனால் செதில்களைத் தூக்கிவிடாது. நுரை மட்டும் குறைவு. (கண்ணில் பட்டால் எரிவது தனிக்கதை.) பின்னால் இந்த ஒரு குறைதான் சீயக்காய்க்குப் பெரிய எதிரியானது.

1903ல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் என்ற மருந்துக் கடைக்காரர், தண்ணீரில் கரையும் ஷாம்புத் தூளைச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் விற்க ஆரம்பித்தார். ஒரு பொட்டலம் 20 ஃபெனிக். வியாபாரம் பிய்த்துக் கொண்டு போனது. ஆனால் உள்ளே இருந்தது சோப்புத்தான், அதே காரம்தான். காரமில்லாத ஷாம்புவை அந்தக் கம்பெனி கொண்டு வர 1933 வரை ஆனது.

இடையில் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனியில் சாப்பிடவே கொழுப்புத் தட்டுப்பாடு, சோப்புக்கு எங்கே போவது? 1916 வாக்கில் அங்கே வேதியியலாளர்கள் கொழுப்பில்லாமல் செயற்கையாக அழுக்கு நீக்கி தயாரிக்க முயன்றார்கள். அந்த முதல் சரக்கு சுமார்தான். ஆனால் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1931ல் அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்திலிருந்து ராபர்ட் டங்கன் என்ற பொறியாளர் ஜெர்மனிக்குப் போனார். துணி ஆலைகளில் நனைப்புப் பொருளாகப் பயன்பட்ட ஒரு புதுச் சரக்கு, கடினநீரிலும் திரியாமல் வேலை செய்வதைப் பார்த்தார். 100 கிலோவை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னார். கொழுப்பு ஆல்கஹாலின் சல்பேட்டுகள் என்ற குடும்பம் அது. அதை வைத்து 1933ல் 'டிரெஃப்ட்' துணித்தூளும், 1934ல் 'டிரீன்' ஷாம்புவும் வந்தன. ஆக, இன்றைய ஷாம்பு துணி ஆலையிலிருந்து தலைக்கு வந்த சரக்கு.

டிரீனில் வெள்ளைப் படிவு இல்லை, நுரையோ ஏராளம். ஆனால் கொஞ்ச நாளில் புகார் வந்தது. ரொம்பவே சுத்தமாகி விடுகிறது! முடி வறண்டு, பளபளப்புப் போய், சீப்பு இறங்கவில்லை. 1940களில் முடியை மிருதுவாக்கும் பொருள் சேர்த்த டிரீனை விளம்பரம் செய்ய வேண்டி வந்தது. முதலில் எண்ணெயைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு வேறொன்றைத் தடவிச் சரிக்கட்டுகிற பழக்கம் அங்கே தொடங்கியது எனலாம். 1987ல் வந்த 'பெர்ட் பிளஸ்' அழுக்கு நீக்கியையும் சிலிக்கோனையும் ஒரே பாட்டிலில் அடைத்தது அதன் அடுத்த கட்டம்.

இந்தப் பொருட்கள் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால்கள் எண்ணெயைச் சூழ்ந்து கொள்ள, மொத்தத்தையும் தண்ணீர் இழுத்துக் கொண்டு போய்விடும். இதில் அழுக்கு எண்ணெய் எது, முடிக்குத் தேவையான எண்ணெய் எது என்று அந்த வாலுக்குத் தெரியாது. தலையின் வேர்க்கால் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் சுலபமாக நுனி வரை வழுக்கி இறங்கும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தங்கிவிடும், நுனிக்குப் போய்ச் சேராது. ஏற்கனவே காய்ந்து கிடக்கும் அந்த நுனியைத்தான் வலுவான சல்பேட் இன்னும் காய வைக்கிறது. ஒருவருக்குப் புத்துணர்ச்சி தரும் அதே பாட்டில் இன்னொருவருக்குத் தேங்காய் நார் தருவதன் காரணம் இதுதான்.

சோடியம் லாரில் சல்பேட் இந்தக் குடும்பத்தில் முரடு. தோல் மருத்துவர்கள் எரிச்சல் சோதனைகளுக்கு அளவுகோலாக வைத்துக் கொள்வதே அதைத்தான். அதோடு எத்திலீன் ஆக்சைடு சேர்த்துத் தலையைப் பெரிதாக்கினால் சோடியம் லாரெத் சல்பேட். தோலுக்குள் இறங்குவது குறையும், குணம் கொஞ்சம் சாது. அதனால்தான் இது ஷாம்பு உலகத்தையே பிடித்துக் கொண்டது. அதைவிடச் சாது, தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் கோகமிடோபுரோபில் பீட்டைன். குழந்தைகளின் ஷாம்புகளில் பரவலாகச் சேர்ந்தது. அதற்காக சல்பேட் என்றால் விஷம் என்பதும் சரியல்ல. எண்ணெய் வழிகிற தலைக்கும், தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறிய முடிக்கும் வலுவான சரக்கு தேவைப்படவே செய்கிறது.

நுரை விவகாரத்துக்கு வருவோம். எண்ணெய் இருக்கும் இடத்தில் நுரை அடங்கிவிடும். எண்ணெய் வைத்த தலையில் முதல் தடவை ஷாம்பு போட்டால் நுரை வராது, இரண்டாவது தடவை பொங்கும். வேலை பெரும்பாலும் நடந்தது நுரை வராத அந்த முதல் தடவையில்! பொங்கும் நுரை சொல்வதெல்லாம், எடுப்பதற்கு அதிகம் எண்ணெய் இல்லை என்பதை மட்டும்தான். ஆனாலும் கண் கேட்காது. அதனால் நுரையைக் கூட்டவும் கெட்டிப்படுத்தவும் கோகமைட் டி.இ.ஏ. என்ற பொருளைச் சேர்த்தார்கள். புற்றுநோய் ஏற்படுத்தக் கூடியவற்றின் பட்டியலில் கலிஃபோர்னியா மாநிலம் 2012ல் அதைச் சேர்த்தது. முக்கியமாக நுரைக்காகச் சேர்த்த பொருள் இப்படி ஆனது வேடிக்கைதான்.

பெர்லினின் 20 ஃபெனிக் பொட்டலம் தமிழ்நாட்டில் மறுபிறவி எடுத்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், திரவப் பொருட்களைச் சிறு சாஷேக்களில் அடைத்து விற்கும் யோசனையின் முன்னோடி. அவர் குடும்பத்திலிருந்து 'வெல்வெட்' வந்தது. 1983ல் அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். காலி சாஷேக்களைக் கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். கிராமங்களில் ஒரு பையனை உட்கார வைத்து, தலையை அலசிக் காட்டி, கூட்டத்தைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். கூட்டம் முதலில் பார்த்தது நுரையை. இடித்து, சலித்து, கஞ்சியில் கரைத்துத் தேய்க்கிற சீயக்காய் அதன் முன்னால் எப்படி நிற்கும்? பாட்டில் வாங்க வசதியில்லாதவருக்கும் ஷாம்பு கிடைத்தது என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். யாருடைய முடிக்கு எது என்ற கேள்விக்கு மட்டும் அந்தச் சின்ன சாஷேயில் இடமில்லை.

அந்தக் கேள்வி வேறு பக்கமிருந்து கிளம்பியது. 1998ல் சோடியம் லாரெத் சல்பேட் புற்றுநோய் தரும் என்று ஒரு மின்னஞ்சல் உலகமெங்கும் சுற்றியது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை மறுத்தது. (தயாரிப்பின்போது மிஞ்சும் 1,4-டையாக்சேன் என்ற அசுத்தத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது உண்மை. நியூயார்க் மாநிலம் 2019ல் அதற்குச் சட்டமே போட்டது.) பொய்யான பயம் ஒரு பக்கம் இருக்க, 2000களின் தொடக்கத்தில் லொரெய்ன் மாஸி எழுதிய 'கர்லி கேர்ள்' புத்தகம் சுருட்டை முடிக்காரர்களிடம் நியாயமான காரணத்தோடு சல்பேட்டை விடச் சொன்னது. சாதுவான பொருட்களால் சில சிலிக்கோன்களைக் கழுவ முடியாது என்பதால் சிலிக்கோனையும் சேர்த்தே விடச் சொன்னார். சாது என்று பெயரெடுத்தவையும் எல்லோருக்கும் சாது அல்ல. 2004ல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது எதைத் தெரியுமா? அதே கோகமிடோபுரோபில் பீட்டைனைத்தான்.

இன்று சல்பேட் இல்லாத ஷாம்புகளுக்குக் கடையில் தனி அலமாரியே இருக்கிறது. அவற்றிலும் பல பாட்டில்களின் முதுகில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: தாராளமாக நுரை வரும்.