மணலில் எழுதிய எழுத்தும் சாலே ஆற்றங்கரை அச்சும்

ஜெர்மனியின் சாலே ஆற்றங்கரையில் அமைந்த ஹாலே, நிலத்தடி ஊற்றுகளின் உவர்நீரைக் கொப்பரைகளில் காய்ச்சி உப்பெடுத்து வளம் பெற்ற பழைய நகரம். கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் உப்பு விளைவித்த எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தாருக்கு அந்நகரின் தொழில் அயலானதன்று. எனினும் ஹாலே நகருக்கும் சென்னைக் கரைக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்த உறவு, உப்பால் அன்றி எழுத்தால் அமைந்தது.

சடங்குகளைவிட உள்ளத்துப் பக்திக்கும் கல்விக்கும் முதன்மை தந்த லுத்தரன் சீர்திருத்த நெறி 'பயட்டிசம்' எனப்படும். அந்நெறியைச் சார்ந்த அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1690களில் ஹாலேயில் தொடங்கிய ஆதரவற்றோர் இல்லமும் பள்ளிகளும் காலப்போக்கில் அச்சகம், நூலகம் ஆகியவற்றுடன் பெரிய கல்வி நிறுவனமாக விரிந்தன. அங்குப் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக்கின் ஆதரவில் மறைப்பணிக்காக 1706 ஜூலை 9 அன்று, அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து, உள்ளூர்த் தமிழாசிரியர் ஒருவரின் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். அவ்வெழுத்துகளே பின்னர் ஹாலேயில் உலோக அச்செழுத்துகளாக வார்க்கப்பட்டு, 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை உருவிற் பெரியனவாய் இருந்து காகிதத்தை மிகுதியாக விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட, 1715இல் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு முழுமையாக அச்சேறியது.

இப்பணிக்கு மேலும் ஆதரவு திரட்டும் பொருட்டு 1714இன் இறுதியில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சீகன்பால்கு, மலையப்பன் என்னும் தமிழரை உடன் அழைத்துச் சென்றார். அப்பயணக் காலத்தில் சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணமான 'கிரமாட்டிகா டாமுலிகா' 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. செய்யுள் வழக்கைக் காட்டிலும் மக்கள் பேச்சு வழக்கையே விளக்கிய அந்நூல், தமிழ் மண்ணை மிதித்திராத ஐரோப்பிய மாணவருக்கும் தமிழ் கற்க வழி திறந்தது. ஜெர்மனியில் தங்கியிருந்த சில மாதங்களிலேயே மரியா டொரோத்தியா சால்ட்ஸ்மானை அவர் மணந்தார்.

தம்பதியர் இருவரும் இங்கிலாந்து வழியாகப் புறப்பட்டு, 1716 ஆகஸ்டில் சென்னையை அடைந்தனர். அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அறையாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே, உள்ளூர்ப் படகோட்டிகளின் திறமையால், மனிதரையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தன. சென்னையிலிருந்து தரங்கம்பாடி திரும்பிய சீகன்பால்கு, 1719 பிப்ரவரியில் தம் 36ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின் ஹாலேயுடனான உறவு சென்னையில் வேரூன்றியது. 1728இல் இங்கு மறைப்பணி நிலையத்தை நிறுவிய பெஞ்சமின் ஷுல்ட்சே, 1743இல் ஹாலேக்குத் திரும்பியபின் அங்கே தெலுங்கு நூல்களையும் அச்சிட்டார். 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுவந்த அச்சுப்பொறி, அரசின் அச்சு வேலைகளையும் செய்து தர வேண்டும் என்னும் உடன்பாட்டுடன் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய மறைப்பணியாளர் ஃபெப்ரீஷியசிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரது தமிழ் ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற ஓலைச்சுவடிகளும் கடிதங்களும் ஹாலேயின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. இவ்வரலாற்றை, 'கொடுத்தவர் ஐரோப்பியர், பெற்றவர் தமிழர்' என்று மட்டும் எழுதுவது முறையாகாது. உலோகத்தை உருக்கி வார்த்தது ஹாலேயின் கைத்திறன் என்றால், வார்ப்பதற்குரிய வடிவத்தை அளித்தது மணலில் எழுதக் கற்பித்த தமிழாசிரியரின் கல்வி. சீகன்பால்கின் பெயர் நிற்கும் இடத்தில் அந்த ஆசிரியருக்கும், கடல் கடந்து உடன் சென்ற மலையப்பனுக்கும் உரிய இடத்தை அளிப்பதே தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோரின் கடமை.