அளந்து வைத்த மருந்து

பட்டினப்பாக்கத்தைத் தாண்டி, அடையாறு கடலோடு சேரும் கழிமுகத்தில் 1746-இல் ஒரு சண்டை நடந்தது. ஆயிரம் பேர்கூட இல்லாத பிரெஞ்சுப் படை, ஆர்க்காட்டு நவாபின் பத்தாயிரம் பேரை ஒரே நாளில் ஓட வைத்தது. இதற்குக் காரணம் கேட்டால், கட்டுப்பாடும் பயிற்சியும் என்பதே வழக்கமான பதில். அது சரிதான். ஆனாலும் எவ்வளவு கட்டுப்பாடான சிப்பாயும், சண்டை நடுவில் நின்று வெடிமருந்தை அளந்துகொண்டிருந்தால் நிமிடத்துக்கு மூன்று முறை சுட முடியாது. அந்த அளவையைச் சண்டைக்கு முன்பே முடித்து, காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுத்திருந்தார்கள். அடையாற்றுப் போரின் கதையில் அந்தக் காகிதச் சுருளுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொன்னே, ஆங்கிலேயரின் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். ஊரை நவாப் அன்வருதீன் கானிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரியிலிருந்து வாக்களித்திருந்த பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ், பிடித்த பிறகு நாளைக் கடத்தினார். பொறுமையிழந்த நவாப், மூத்த மகன் மாபூஸ் கானைப் படையோடு அனுப்பினார். போரின் தேதியைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியையும் பிரெஞ்சுக்காரர் புதியதையும் வைத்திருந்ததால், சில நூல்களில் அக்டோபர் 24 என்றும் சிலவற்றில் நவம்பர் 4 என்றும் இருப்பது ஒரே நாள்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு கோட்டை வாசலில் ஒரு முன்னோட்டம் நடந்தது. நானூறு பிரெஞ்சுப் படையினர் இரண்டு சிறு பீரங்கிகளோடு வெளியே வந்தார்கள். நவாபின் குதிரைப்படை நெருங்கியதும் வரிசை இரண்டாகப் பிரிந்தது. பின்னால் மறைந்திருந்த பீரங்கிகள் வெடித்தன. முதல் வெடிக்கு நவாபின் ஆட்கள் பெரிதாக அசரவில்லை. அடுத்த வெடிக்குக் கால் மணி நேரமாவது ஆகும் என்பது அவர்கள் அனுபவம். ஒரே பீரங்கி ஒரு நிமிடத்தில் பல முறை வெடிக்கும் என்பதை அவர்கள் நினைத்தும் பார்த்ததில்லை என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். இந்த வேற்றுமை குழாயின் தரத்தில் மட்டும் இல்லை, மருந்து போகும் வழியிலும் இருந்தது. பழைய முறையில், திறந்த பீப்பாயிலிருந்து நீண்ட பிடிபோட்ட செம்பு அகப்பையால் தூள் மருந்தை அள்ளி, பீரங்கியின் வாய்க்குள் நீட்டி, அடியில் கவிழ்க்க வேண்டும். இரும்பு அகப்பை பொறி கிளப்பும் என்பதால்தான் செம்பு. பக்கத்தில் எரியும் திரி, திறந்த பீப்பாய், கடற்காற்று: கை மெதுவாகத்தான் போகும். புதிய முறையில் ஒரு வேட்டுக்கான மருந்தைத் துணிப் பையிலோ காகிதத்திலோ முன்பே அளந்து கட்டிவிடுவார்கள். பையைத் தள்ளு, குண்டைத் தள்ளு, தீ வை, அவ்வளவுதான்.

துப்பாக்கிக்கும் இதே ஏற்பாடுதான், ஆனால் வேலை இன்னும் நுணுக்கமானது. ஒரு பக்கம் சரிவாக வெட்டிய காகிதத்தை, துப்பாக்கிக் குழலைவிடச் சற்றே ஒல்லியான மரக்குச்சியின் மேல் சுற்றுவார்கள். குச்சியின் நுனியில் குண்டு உட்காரும் அளவுக்கு ஒரு சிறு குழி உண்டு. குண்டை அதில் பொருத்தி, மீந்த காகிதத்தை மடித்து நூலால் கட்டி, குச்சியை உருவினால் ஒரு பக்கம் அடைத்த குழாய் கிடைக்கும். சிறிய அளவைக் கிண்ணத்தால் மருந்தை ஊற்றி, மேல் நுனியை முறுக்கி மடித்தால் தோட்டா தயார். பீடி சுருட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த விரல்களின் வேகம் புரியும். பிரிட்டிஷ் துப்பாக்கிக்கு ஒரு தோட்டாவில் சுமார் 10 கிராம் மருந்து இருக்கும். குண்டு, ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பதினான்கு என்ற கணக்கு. மருந்து குறைந்தால் குண்டு பாதி தூரத்தில் விழும், கூடினால் தோள்பட்டை தாங்காது. சிப்பாயின் தீர்ப்புக்கு விட முடியாத அளவு இது. அதனால்தான் மேசை மேல், அமைதியாக இருக்கும்போதே முடித்தார்கள்.

களத்தில் சிப்பாய் தோட்டாவின் வாலைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டுக் கிண்ணியில் இட்டு மூடுவான். மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் சேர்த்துக் கோலால் இடிப்பான். காகிதமே குண்டுக்கு அடைப்பாகவும் ஆகிவிடும். நன்கு பழகியவன் இருபது வினாடிக்கு ஒன்று சுடுவான். முன்பல் இல்லாதவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். இதே கடிதான் 1857-இல் வட இந்தியாவில் கொழுப்பு தடவிய என்ஃபீல்டு தோட்டாவின் மேல் வெடித்த கோபத்துக்கு வழிவிட்டது. அதன்பின் கையால் கிழித்துக்கொள்ளலாம் என்று ஆணையை மாற்றினார்கள், ஆனால் காலம் கடந்திருந்தது.

அடையாற்றுக்குத் திரும்புவோம். சுவிட்சர்லாந்தில் பிறந்த பாராடி என்ற பொறியாளர், சுமார் 230 ஐரோப்பியரோடும் 700 சிப்பாய்களோடும் புதுச்சேரியிலிருந்து கடற்கரை வழியாக வந்தார். பீரங்கி ஒன்றுகூட இல்லை. வடகரையில் மாபூஸ் கானின் படை பீரங்கிகளோடு காத்திருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் பருவம் அது. காகிதத் தோட்டாவுக்கு ஈரம்தான் முதல் எதிரி. நனைந்தால் பெட்டியிலிருக்கும் தோட்டா அத்தனையும் வெறும் கரிச்சேறு. ஆழம் குறைந்த இடம் பார்த்து ஆற்றில் இறங்கி, பெட்டியின் மருந்தைக் காப்பாற்றிக் கரையேறி, வரிசை கட்டிச் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். நவாபின் ஆட்கள் சாந்தோம் தெருக்களுக்குள் நெருக்கியடித்து ஓட, பின்னாலேயே வரிசை வரிசையாக வேட்டு தொடர்ந்தது. அந்த எழுநூறு சிப்பாய்கள் இந்த மண்ணில் படைக்குச் சேர்த்துப் பழக்கிய ஆட்கள் என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பியன் வென்றான் என்று மட்டும் எழுதினால் படையின் முக்கால் பங்கை விட்டுவிடுகிறோம்.

சென்னை கைவிட்டுப்போன அவமானம் ஆங்கிலேயக் கம்பெனியை ஓர் அறிஞரைத் தேட வைத்தது. பெஞ்சமின் ராபின்ஸ், ஒரு மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு, குண்டு பாய்ந்து அது ஆடும் அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர். இத்தனை மருந்துக்கு இத்தனை வேகம் என்பதை ஊகத்திலிருந்து எண்ணுக்குக் கொண்டுவந்த அவருடைய நூல் 1742-இல் வெளியானது. கணிதமேதை ஆய்லரே அதை 1745-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மருந்தை அள்ளிப் போடுவதால் மட்டும் பயனில்லை, மிகையான வேகத்தைக் காற்று விரைவில் தின்றுவிடும் என்று ராபின்ஸ் காட்டினார். கம்பெனி தலைமைப் பொறியாளராக்கி அனுப்பிய அவர் 1750-இல் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். கோட்டைகளைப் புதுப்பிக்கும் திட்டங்களில் ஈடுபட்டிருந்தவர், 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். மருந்தின் கணக்கை உலகுக்குச் சொன்ன மனிதர் நம் கடற்கரையில் உயிர்விட்டார் என்பது சென்னையிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கு அது வருத்தம்தான்.

ஆங்கிலேயர் கைக்குத் திரும்பி வலுப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பரில் முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரி 17-இல் கைவிட்டார். கோட்டைக்குள்ளிருந்த படை செலவழித்ததை ஓர்ம் கணக்கிட்டு வைத்திருக்கிறார்: 1,768 பீப்பாய் மருந்து, துப்பாக்கிக்கு மட்டும் சுமார் 2 லட்சம் தோட்டா. இரண்டு மாத முற்றுகைக்கு வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு மூவாயிரம். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் காகிதம் வெட்டி, குச்சியில் சுற்றி, நூல் கட்டி, மருந்து அளந்து ஊற்றித்தான் முடித்திருக்க வேண்டும். தளபதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் நூல்களில் இவற்றைச் சுருட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.