எண்டோஸ்கோப் வழி முள்ளெலும்பு இணைப்பு

இடுப்புப் பகுதியில் ஒரு முள்ளெலும்பு தனக்குக் கீழுள்ளதன் மேல் முன்னோக்கி நழுவும்போது, இரண்டையும் ஒட்டவைக்கச் சிறு துளைகள் வழியே செய்யப்படும் அறுவை சிகிச்சை. இந்த நழுவலை முதலில் எழுதிவைத்தவர் எலும்பு மருத்துவர் அல்லர். 1782இல், பிரசவத்துக்கு அது தடையாவதைக் கண்ட பெல்ஜிய மகப்பேறு மருத்துவர் எர்பினியோ. நழுவலின் அளவை 1932இல் மேயர்டிங் என்ற மருத்துவர் வகைப்படுத்தினார்: கீழுள்ள முள்ளெலும்பின் அகலத்தில் கால் பங்குவரை முதல் நிலை, அரைப்பங்குவரை இரண்டாம் நிலை. எண்டோஸ்கோப் முறை பெரும்பாலும் இவ்விரண்டுக்கே ஏற்றது.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்துவார்கள். அது போய்ச் சேரும் இடம் ‘காம்பின் முக்கோணம்’ எனப்படும் பகுதி. வெளியேறும் நரம்பு வேரை ஒட்டிய குறுகிய சந்து. தசையை எலும்பிலிருந்து அகலமாகப் பிரிப்பதில்லை. ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களைச் செருகி விலக்குவார்கள். அந்த வழியே எண்டோஸ்கோப் நுழையும். உப்புநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ரத்தம் அதன் காட்சியை மறைக்காது. இரு முள்ளெலும்புகளுக்கும் இடையிலுள்ள வட்டை அகற்றி, எலும்பின் முகத்திலுள்ள குருத்தெலும்பை, புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசியும்வரை சுரண்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். அங்கே எலும்புத் துகள் நிரப்பிய கூண்டை வைத்து, தோல்வழியே திருகாணிகளும் கம்பிகளும் பொருத்துவார்கள்.

தழும்பு சிறிது என்பதால் அறுவையும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. கூண்டு வெறும் முட்டுத்தான். எலும்பு வளர்ந்து ஒட்டப் பல மாதங்கள் பிடிக்கும். புகைப்பவருக்கு ஒட்டாமலே போகலாம். நரம்பு வேர் உரசப்பட்டால் காலில் எரிச்சலும் மரப்பும் வரும்.