பெயர் மாறிய மஞ்சள் குளவி



பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளிக்குத் தாதியர் தடுப்பூசி போட வந்திருந்தனர். நான்காம் ஆண்டு வகுப்பில் இரண்டு லெட்சுமிகள். ஒருத்திக்கு ஊசி போட்டாயிற்று. பெயருக்கு நேரே கோடும் இழுத்தாயிற்று. மற்றவள் வரிசையில் வந்து நின்றபோது, "லெட்சுமிக்குத்தான் போட்டாச்சே" என்று சொல்லி வகுப்புக்கு அனுப்பிவிட்டோம். பெயர்ப் பட்டியலைப் படித்தவன் நான்தான். மாலையில்தான் தவறு தெரிந்தது.

இதே தவறு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு குளவியின் பெயரால் நடந்தது. அதைத் திருத்த அங்கே ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பெரும் பகையாக இருந்தது சிவப்புச் செதில் பூச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டுக் கன்றுகளோடு வந்து சேர்ந்தது. குண்டூசித் தலை அளவே இருக்கும். இலை, கிளை, பழம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலே மெழுகால் ஆன ஓடு இருப்பதால் மருந்து எளிதில் படாது. மரத்துக்கு மரம் கூடாரம் போட்டு மூடி, உள்ளே சயனைடு நச்சுப்புகையைச் செலுத்திப் பார்த்தார்கள். 1910களில் சில இடங்களில் அந்தப் புகைக்கும் பூச்சி சாகவில்லை.

இப்பூச்சிக்கு இயற்கைப் பகை உண்டு. அஃபைடிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. ஹோவர்டு என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் 1900இல் இப்பேரினத்தை நிறுவினார். குளவி என்றதும் கூரையில் மண்கூடு கட்டும் குளவியை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். தாய்க் குளவி செதிலின் ஓட்டைத் துளைத்து, உள்ளிருக்கும் பூச்சியின் உடல்மேல் முட்டையிடும். வெளிவரும் புழு அப்பூச்சியை உறிஞ்சித் தின்று, அந்த ஓட்டின் அடியிலேயே கூட்டுப்புழுவாகும்.

கலிபோர்னியாவில் 1900ஆம் ஆண்டையொட்டி, யாரும் கொண்டுவராமலே ஓர் அஃபைடிஸ் வந்து சேர்ந்திருந்தது. 1912இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் மெர்செட் 'கிரிசோம்ஃபாலி' என்று பெயரிட்ட இனம் அது. கடலோரத்தில் ஓரளவு பயன் தந்தது. பூச்சியை அடக்கும் வலிமை அதற்கில்லை. எனவே வேறு ஒட்டுண்ணியைத் தேடி ஆசிய நாடுகளுக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே சிவப்புச் செதில்களை மஞ்சள் குளவிகள் தின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் எடுத்துப் பார்த்தவர்கள், "இது கிரிசோம்ஃபாலி, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே" என்று விட்டுவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்வதும் எளிதன்று. எல்லாமே மஞ்சள் நிறம். உலர்த்தி ஒட்டிவைத்த மாதிரியோ சுருங்கிச் சருகாகிவிடும். சிறகையும் உணர்கொம்பையும் நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் வேறுபாடு பிடிபடாது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர் ஹெரால்டு கம்பியர். அவருடைய தந்தை ஜார்ஜ் கம்பியரும் ஒட்டுண்ணிகளைத் தேடி நாடு நாடாய் அலைந்தவரே. தென்சீனத்திலிருந்து 1947, 48ஆம் ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட குளவி வேறோர் இனம் என்று கண்டு, ஹெரால்டு அதற்கு 'லிங்னானென்சிஸ்' எனப் பெயரிட்டார். 1955இல் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து ஒரு நூலும் வெளியிட்டார். ரிவர்சைடு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பால் டிபாக் இன்னொரு வழியில் சென்றார். செத்த குளவியை மட்டும் பார்க்காமல் உயிருள்ளதை வளர்த்துப் பார்த்தார். கூட்டுப்புழுவின் உடலில் கருமை எங்கே படிகிறது, எங்கே படியவில்லை என்பது இனத்துக்கு இனம் மாறியது. கிரிசோம்ஃபாலியில் ஆண் பிறப்பதே அரிது. லிங்னானென்சிஸில் ஆணும் பெண்ணும் உண்டு. நுண்ணோக்கிக்குத் தெரியாததை வளர்ப்புக் கூண்டு காட்டிக் கொடுத்தது!

1956, 57ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இன்னொரு குளவி வந்தது. 1959இல் டிபாக் அதற்கு 'மெலினஸ்' என்று பெயர் சூட்டினார். அதற்குள் லிங்னானென்சிஸ் பழைய கிரிசோம்ஃபாலியைப் பெரும்பாலும் விரட்டிவிட்டிருந்தது. ஆனால் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளின் கடுங்குளிரை அதனால் தாங்க முடியவில்லை. வடஇந்திய வெயிலிலும் குளிரிலும் பழகிய மெலினஸ் தாங்கியது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அப்பகுதிகளில் லிங்னானென்சிஸின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. மூன்றும் ஒன்றே என்று எண்ணியிருந்த குளவிகள், ஒன்றையொன்று தள்ளிவிட்டுத் தாம் வேறு வேறு என்பதைத் தாமே மெய்ப்பித்தன என்று சொல்லலாம். நச்சு மருந்து அடித்துக் குளவிகளைக் கொல்லாத தோப்புகளில் செதில் பூச்சி அடங்கியது.

1979இல் டிபாக்கும் இஸ்ரேலிய அறிஞர் டேவிட் ரோசனும் உலகிலுள்ள அஃபைடிஸ் இனங்களை எல்லாம் வகைப்படுத்தி எண்ணூறு பக்க நூலாக்கினர். மெலினஸ் குளவியை இன்றும் வளர்ப்பு நிலையங்களில் பெருக்கி விற்கிறார்கள். பூசணிக்காயின் மேல் வேறொரு செதில் பூச்சியை வளர்த்து, அதைக் குளவிகளுக்கு இரையாகக் கொடுத்துப் பெருக்குகிறார்கள். பூசணிக்காய் அங்கே கறிக்கு மட்டுமன்று!