வினைத்திறனும் நிலக்கரியும்: ஜெவொன்சின் எச்சரிக்கை

மனிதனின் பொறிகள் தோற்றுவித்த இடர்களை மேலும் சிறந்த பொறிகளே தீர்த்துவிடும் என்னும் நம்பிக்கை காலநிலை மாற்றம் பற்றிய விவாதங்களில் ஓங்கி ஒலிக்கின்றது. அந்நம்பிக்கையின் எல்லையை அறிய விரும்புவோர் பிரித்தானியாவின் நிலக்கரி வரலாற்றை நோக்குதல் தகும்.

1712 இல் நியூகொமன் அமைத்த நீராவிப் பொறி, சுரங்க நீரை இறைக்கப் பயன்பட்டது. அது பெருந்தொகை எரிபொருளை விழுங்கியமையால், நிலக்கரி மலிவாகக் கிடைத்த சுரங்கங்களின் அருகிலேயே பெரும்பாலும் நிலைகொண்டது. உருளையை மாறிமாறிச் சூடாக்கிக் குளிர்விப்பதால் வீணாகிய வெப்பத்தை, 1769 இல் காப்புரிமை பெற்ற தனி ஒடுக்கியினால் ஜேம்ஸ் வாட் மீதப்படுத்தினார். ஆயின் விளைந்தது யாது? செலவு குறைந்த பொறி நூற்பாலைக்கும் இரும்பாலைக்கும் பரவியது. பின்னர் வந்த உயரமுக்கப் பொறிகள் புகைவண்டியை இயக்கின. ஒரு பொறி உண்ட நிலக்கரி குறைய, நாடு உண்ட நிலக்கரி பெருகியது.

இம்முரண்பாட்டை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் பொருளியலறிஞர் ஸ்ரான்லி ஜெவொன்ஸ் ஆவார். 1865 இல் வெளிவந்த 'நிலக்கரிப் பிரச்சினை' என்னும் நூலில் அவர் ஸ்கொத்லாந்தின் இரும்புத் தொழிலைச் சான்றாக எடுத்தாண்டார். 1828 இல் நெயில்சன் காப்புரிமை பெற்ற வெப்பக்காற்று முறையின் பயனாக, ஒரு தொன் இரும்புக்குத் தேவையான நிலக்கரி மூன்றிலொன்றுக்கும் கீழே இறங்கியது. எனினும் 1830 க்கும் 1863 க்கும் இடையில் அங்கு மொத்த நுகர்வு பத்து மடங்காயிற்று. சிக்கனம் விலையைக் குறைத்தது. குறைந்த விலை தேவையைப் பெருக்கியது.

ஜெவொன்ஸ் அஞ்சியது நிலக்கரி தீர்ந்துவிடும் என்பதையே. அது தீரவில்லை, வளிமண்டலமே முதலில் நிரம்பலாயிற்று. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் மில்லியனுக்கு ஏறத்தாழ 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைத் தாண்டியுள்ளது.

2024 இல் பிரித்தானியா தன் இறுதி நிலக்கரி மின்னிலையத்தை மூடியமை இக்கருத்தை மறுக்காதா என வினவலாம். இயற்கை வாயுவும் காற்றாலையும் அதற்கு வழிசமைத்தமை உண்மையே. ஆயினும் 2008 இன் காலநிலை மாற்றச் சட்டமும், 2013 இல் நடைமுறைக்கு வந்த காபன் விலைத் தளமும் அவற்றுடன் சேர்ந்தே இயங்கின. அதே 2024 இல் உலகின் மொத்த நிலக்கரி நுகர்வோ முன்னொருபோதும் இல்லாத உச்சத்தை எட்டியது.

புதிய பொறி பழைய எரிபொருளுக்கு மாற்றை வழங்க வல்லது. அவ்வெரிபொருளை நிலத்தடியிலேயே விட்டுவைக்கும் முடிவை அது மேற்கொள்ளாது. அம்முடிவு சமுதாயத்துக்கும் அரசுக்கும் உரியது.