பாலராமபுரம் சாலையும் ஸ்டியரிங் சோதனையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கு முன்னே, நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜாவின் பெயர் தாங்கிய இவ்வூருக்குத் தமிழ்நாட்டுச் சாலியர்கள் வந்து குடியேறினர். அந்நாளில் மாட்டுவண்டியே துணை. வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் பழகிய மாடு வழி தவறாது. மோட்டாருக்கோ அவ்வறிவு இல்லை. அது ஸ்டியரிங்கையே நம்பி ஓடுகிறது.

1938 பிப்ரவரி 20ஆம் நாள் ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். மறுநாள் இச்சாலை வழியே நாகர்கோவிலுக்குப் பேருந்துகள் ஓடலாயின. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்டர் என்பவர் இதன் கண்காணிப்பாளர். இங்கிலாந்திலிருந்து வந்த 60 காமர் அடிச்சட்டங்களின் மீது, உள்ளூர்த் தொழிலாளர்கள் சாக்கைப் பணிமனையில் கூண்டு கட்டினர். ஒரே வகை வண்டிகளை ஒரே பணிமனை பேணுவதில் பெரும் நன்மை உண்டு. ஒன்றில் தேய்ந்த மூட்டு, மற்றவற்றிலும் எங்கே தேயும் என்பதைக் கைதேர்ந்த தொழிலாளி எளிதில் உணர்வான்.

ஆதி மோட்டார்களைப் படகின் சுக்கான் போன்றதொரு கைத்தண்டினால் திருப்பினர். 1894இல் பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் வாஷரோன் என்பார் தம் பன்ஹார் வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தினார். அச்சக்கரத்திற்கும் சாலையைத் தொடும் சக்கரத்திற்கும் இடையே பற்சக்கரப் பெட்டி, தண்டுகள், பந்து மூட்டுகள் எனப் பல உறுப்புகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மயிரிழை தேய்ந்தால், அனைத்தும் கூடி ஓட்டுநர் கையில் ஆட்டமாகத் தெரியும்.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இவ்வாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கின்றன. 20 அங்குல விட்டச் சக்கரத்தின் விளிம்பில் இது ஏறத்தாழ 5 அங்குலம். சிறிய காருக்கு இது மிகத் தாராளமான அளவு என்பதே என் கருத்து. பேருந்துக்குத் தகுதிச் சான்று உண்டு, அதிகாரி பார்ப்பார். சொந்தக் காருக்கோ பதிவு செய்த பின் 15 ஆண்டு வரை அச்சோதனை இல்லை. பொங்கலுக்குக் குடும்பத்தோடு காரில் ஊர் செல்லும் நம்மவர், புறப்படுமுன் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அது கடினமன்று. சமதரையில் முன்சக்கரங்களை நேரே நிறுத்துக. பவர் ஸ்டியரிங் வண்டியாயின் எஞ்சின் ஓடட்டும். முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை ஸ்டியரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்பி, வீணாகும் தொலைவை அளக்க. அது முன்னிலும் மிகுந்திருந்தால், ஒருவர் ஸ்டியரிங்கை அசைக்க, மெக்கானிக் கீழே தண்டுகளின் மூட்டுகளைப் பார்க்கட்டும். மூட்டின் ஒருபுறம் அசைந்து மறுபுறம் அசையாதிருப்பின், தேய்வு அங்கேதான். மூட்டின் நட்டு கழலாமல் காக்கும் சிறு பின் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுக. அதன் விலை சில ரூபாய்தான்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை களியக்காவிளையில் விழுந்தது. பாறசாலை அப்பால், கன்னியாகுமரி மாவட்டம் இப்பால். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே உள்ள சாலை இன்றும் ஒன்றே. பண்டிகைக் காலத்தில் அங்கே எதிரெதிரே வரும் வண்டிகளுக்கிடையே இடைவெளி மிகக் குறைவு.