நூறு பவுண்டு கம்பெனி: சென்ட்ரோஸ் வழக்கு

1957-ஆம் ஆண்டு ஆறு ஐரோப்பிய நாடுகள் ரோம் நகரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொருட்களும் ஆட்களும் சேவைகளும் மூலதனமும் எல்லைகளில் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரு நாட்டில் முறைப்படி பதிவான கம்பெனி, இன்னொரு உறுப்பு நாட்டில் கிளை திறக்கும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் கம்பெனி தொடங்குவதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறாகவே இருந்தது.

1992-ல் டென்மார்க்கில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்க 2,00,000 குரோனர் மூலதனம் வேண்டும். இங்கிலாந்தில் அப்படிக் குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது. எனவே டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தம்பதி அந்த ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் 'சென்ட்ரோஸ்' என்ற கம்பெனியைப் பதிவு செய்தனர். மூலதனம் 100 பவுண்டு. அதையும் செலுத்தவில்லை. பதிவு முகவரி ஒரு நண்பரின் வீடு. இங்கிலாந்தில் எந்த வியாபாரமும் செய்யாமல், டென்மார்க்கில் கிளை திறக்க விண்ணப்பித்தனர்.

டென்மார்க்கின் பதிவுத்துறை மறுத்துவிட்டது. இது கிளை அல்ல, மூலதன விதியிலிருந்து தப்பிக்கும் வழி என்றது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. லிமிடெட் கம்பெனி நொடித்துப் போனால் உரிமையாளரின் சொந்தச் சொத்தில் பொதுவாகக் கை வைக்க முடியாது. சரக்கைக் கடனாகக் கொடுத்தவர்தான் நஷ்டப்படுவார். அவருக்காகக் கொஞ்சம் பணமாவது கம்பெனிக்குள் இருக்கட்டும் என்பதே அந்த விதி.

வழக்கு டென்மார்க்கின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, அங்கிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. 1999 மார்ச் 9-ல் தீர்ப்பு வந்தது. கட்டுப்பாடு குறைந்த சட்டம் உள்ள நாட்டைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது. பொதுச் சந்தை என்றாலே அந்த உரிமையும் சேர்ந்ததுதான் என்றது நீதிமன்றம். சென்ட்ரோஸ் இங்கிலாந்திலும் வியாபாரம் செய்திருந்தால் டென்மார்க் கிளையைப் பதிவு செய்திருக்கும். அப்போதும் கடன் கொடுத்தவருக்கு ஆபத்து இதே அளவுதானே? இந்தக் கேள்வியில் டென்மார்க்கின் வாதம் உடைந்தது. அதே சமயம், மோசடி நடந்தால் தண்டிக்கத் தடையில்லை என்றும் தீர்ப்பு சொன்னது.

2002-ல் ஊபர்சீரிங், 2003-ல் இன்ஸ்பயர் ஆர்ட் என்ற வழக்குகளிலும் நீதிமன்றம் இதே வழியில் சென்றது. ஆயிரக்கணக்கான ஜெர்மன் சிறு வியாபாரிகள் இங்கிலாந்தில் கம்பெனி பதிவு செய்யத் தொடங்கினர். நாடுகளுக்கும் வேறு வழி தெரியவில்லை. பிரான்ஸ் 2003-ல் குறைந்தபட்ச மூலதனத்தை 1 யூரோ ஆக்கியது. ஜெர்மனி 2008-ல் 1 யூரோவில் தொடங்கக்கூடிய புதிய வகைக் கம்பெனியை உருவாக்கியது. எந்த நாட்டு நாடாளுமன்றத்தின் மீதும் நேரடியாக உத்தரவு போடாமலே ஒரு தீர்ப்பு பல நாட்டுச் சட்டங்களை மாற்றிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. பிரிட்டன் 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அந்த ஆண்டு இறுதியில் இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. ஜெர்மனியில் இருந்துகொண்டு இங்கிலாந்துப் பதிவில் கம்பெனி நடத்தியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு போய், கம்பெனியின் கடனுக்குச் சொந்தச் சொத்தே பொறுப்பாகும் நிலை வந்தது.

தம்பதியின் 100 பவுண்டுக்குப் பின்னால் நின்றது ரோம் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை விட்டு நாடு வெளியேறினால், அதை நம்பித் தொடங்கிய கம்பெனியும் வெளியேதான் நிற்க வேண்டும்.